அடித்த கை யாருடையது?

அரண்மனைக் கதவு திறக்கிறது. ஈடிபஸ் தடவித் தடவி வெளியே வருகிறான். கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் தாடியில் வழிகிறது. சற்று முன்தான் உள்ளே, தூக்கில் தொங்கிய மனைவியை இறக்கித் தரையில் கிடத்தி, அவள் உடையில் குத்தியிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டான். மனைவி யொகாஸ்டாதான் தன்னைப் பெற்றவளும் என்பது தெரிந்து ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது. வாசலில் நிற்கும் தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள், அதாவது நாடகத்தின் கோரஸ், பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் கேட்கிறார்கள்: உன் கண்ணை நீயே கெடுத்துக்கொள்ள எப்படி மனசு வந்தது? எந்தத் தெய்வம் உன்னை ஏவியது?

அவன் சொல்கிறான்: "அப்போலோ, நண்பர்களே, அப்போலோதான் என்னுடைய இந்தக் கொடுமைகளையெல்லாம் முடித்துவைத்தவன். ஆனால் கண்ணில் அடித்த கை வேறு யாருடையதும் அல்ல. என்னுடையது."

பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய 'ஈடிபஸ் மன்ன'னில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் இது. கோரஸ் கேட்டது ஒரே கேள்வி. அவன் இரண்டு பேரைக் கைகாட்டுகிறான். தெய்வத்தைச் சொன்னதால் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளவில்லை. தன்னைச் சொன்னதால் தெய்வத்தை விடுவிக்கவும் இல்லை.

நமக்குப் பழகிய பட்டிமன்றத் தலைப்பு 'விதியா, மதியா?' என்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் படிக்கப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும் என்பது பட்டிமன்ற விதி. இந்த நாடகங்கள் இரண்டு பக்கத்தையும் முழுசாக ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கப்புறம்தான் தங்கள் கேள்வியைத் தொடங்குகின்றன. அந்தக் கேள்வி, 'இது யார் செய்த காரியம், அதற்கு யார் பதில் சொல்வது?'

ஈடிபஸின் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள், 'தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று விதி, அப்படியே நடந்தது' என்று முடித்துவிடுவார்கள். கதை அதுதான். நாடகம் அதுவல்ல. கொலையும் கல்யாணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிட்டன. மேடையில் நடப்பது ஒரே ஒரு நாள் விசாரணை.

பழைய கதையிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. கொரிந்தில் ஒரு விருந்தில் குடிவெறியில் எவனோ ஒருவன், 'நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை' என்று சொல்லிவிட, வளர்த்தவர்கள் எவ்வளவு சமாதானம் சொல்லியும் ஈடிபஸுக்கு மனம் ஆறவில்லை. அப்போலோவின் குறிகோயில் இருக்கும் டெல்ஃபிக்குப் போய்க் குறி கேட்கிறான். கேட்டது, என்னைப் பெற்றவர்கள் யார் என்று. அதற்கு அப்போலோ பதில் சொல்லவில்லை. கேட்காத ஒன்றைச் சொல்லி அனுப்பினான்: தந்தையைக் கொல்வாய், தாயைச் சேர்வாய். பெற்றவர்கள் யார் என்ற சந்தேகத்தோடு போனவன், இதைக் கேட்ட அதிர்ச்சியில் அந்தச் சந்தேகத்தையே மறந்துவிட்டு, கொரிந்தில் இருப்பவர்கள்தான் பெற்றவர்கள் என்று வைத்துக்கொண்டு அந்த ஊருக்கு எதிர்த்திசையில் நடக்கிறான். மூன்று பாதைகள் சேரும் இடத்தில் வண்டியில் வந்த கிழவர் ஒருவர் அவன் தலையில் தாற்றுக்கோலால் அடிக்க, இவன் திருப்பி அடித்துக் கொன்றுவிடுகிறான். அந்தக் கிழவர்தான் பெற்ற தந்தை லாயஸ். சரி, இப்படி ஒரு வாக்கைக் கேட்டுவிட்டு வருபவன் அப்பா வயதில் இருக்கும் யார் மேலும் கை ஓங்கலாமா என்று நாம் கேட்கலாம். சோஃபக்ளீஸ் அந்த வழியில் போகவில்லை.

அவருக்கு வேண்டியது விசாரணை. நாட்டில் கொள்ளை நோய்; பழைய மன்னன் லாயஸைக் கொன்றவனை வெளியேற்று என்பது டெல்ஃபியின் புதிய கட்டளை. ஈடிபஸ் கொலைகாரன் மேல் ஊரறியச் சாபம் போடுகிறான். பார்வையில்லாத குறிகாரன் டைரீசியாஸை அழைத்து, அவன் 'என்னை வீட்டுக்கு விட்டுவிடு' என்று கெஞ்சியும் விடாமல் வாயைப் பிடுங்குகிறான். கொலைக்கு ஒரே சாட்சி, அன்று தப்பி ஓடிய பழைய வேலைக்காரன். கொன்றது ஒருவன் அல்ல, பலர் என்று அவன் சொல்லிவிட்டால் போதும், ஈடிபஸ் தப்பிக்கலாம். அந்த ஆளைக் கூட்டிவர ஆள் போகிறது. அதற்குள் கொரிந்திலிருந்து வந்த தூதன், நீ அங்கே பிறந்தவனே அல்ல என்று சொல்லிவிட, விசாரணை சத்தமில்லாமல் தடம் மாறுகிறது. 'லாயஸைக் கொன்றது யார்' என்பது போய் 'நான் யார் பிள்ளை' என்பது வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாட்சி வந்து சேர்ந்தபின், எதற்காக அவனைக் கூப்பிட்டார்களோ அந்தக் கேள்வியை நாடகம் முடியும்வரை யாருமே அவனிடம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் முன்பு அவன் கையில் கொடுக்கப்பட்ட கைக்குழந்தை ஒன்றைப் பற்றி, அதாவது ஈடிபஸைப் பற்றி.

கொலைகாரனைத் தேடச் சொன்னது அப்போலோ. தன் பிறப்பைத் தேடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விஷயம் முன்கூட்டியே புரிந்துவிட்ட யொகாஸ்டா, உயிர்மேல் ஆசை இருந்தால் இதோடு விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். அந்தச் சாட்சியான கிழட்டு இடையனும் வாயைத் திறக்க மறுக்கிறான். அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கச் சொல்கிறான் ஈடிபஸ்.

"ஐயோ, சொல்லக்கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன்."

"நானும் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனாலும் கேட்டாக வேண்டும்."

கேட்டாக வேண்டும் என்பதில் அவனுக்கு விதியின் நெருக்கடி எதுவும் இல்லை. இந்தக் கணத்தில் எழுந்து உள்ளே போயிருக்கலாம். அவன் குருடனாவான், பிச்சைக்காரனாவான் என்பதுவரை டைரீசியாஸ் முன்பே சொல்லித்தான் இருந்தான், உண்மைதான். யார் கையால் என்று சொல்லவில்லை.

நாம் 'விதி' என்று மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் 'மொய்ரா'. அதற்கு நேர்ப்பொருள் பங்கு. விருந்தில் இறைச்சியைக் கூறுபோட்டால் உனக்கு வரும் கூறு மொய்ரா. கொள்ளைப் பொருளில், நிலத்தில் உனக்கு விழும் பாகமும் மொய்ராதான். அப்படியே ஆயுளிலும், சாவிலும். இதை ஊழ்வினை என்று எழுதினால் தமிழ் வாசகர் மனதில் கூடவே ஒரு கணக்குப் புத்தகமும் திறந்துகொள்ளும்: முன்பு செய்தது இப்போது வருகிறது. ஊழ்வினைக்குள்ளேயே நீதி இருக்கிறது. வலிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உன்னுடையது. மொய்ராவில் அந்தக் கணக்கு இல்லை. ஈடிபஸ் முற்பிறப்பில் என்ன செய்தான் என்று அந்த நாடகத்தில் எவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. குலசாபம் என்ற எண்ணம் கிரேக்கர்களிடம் உண்டு, கி.மு. 467இல் இதே குடும்பத்தை வைத்து எஸ்கிலஸ் எழுதிய நாடகத்தில், பிள்ளை பெறாதே என்று அப்போலோ மூன்று முறை சொல்லியும் லாயஸ் கேட்காததுதான் வினை என்று வருகிறது. சோஃபக்ளீஸ் அந்தக் காரணத்தையும் எடுத்துவிட்டார். லாயஸ் செய்த தப்பு பற்றி அவருடைய நாடகத்தில் ஒரு வரிகூட இல்லை. பங்கு விழுந்தது, அவ்வளவுதான். அதனால் நீதியை வேறெங்காவது தேட வேண்டியதாகிறது.

ஏதென்ஸ்காரர்கள் அதைத் தேடிய இடம் நீதிமன்றம். வசந்தகாலத்து டயோனீசஸ் திருவிழாவில் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் உட்கார்ந்து இந்த நாடகங்களைப் பார்த்தவர்களில் நிறையப் பேர் மற்ற நாட்களில் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்கள். மக்கள் நீதிமன்றங்களுக்காக ஆண்டுதோறும் 6,000 குடிமக்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு எடுத்தார்கள். கொலை வழக்கு மட்டும் தனி. திட்டமிட்ட கொலைக்கு ஆரியோபகஸ் குன்று, தெரியாமல் நடந்த கொலைக்குப் பல்லாடியன், கொன்றேன் ஆனால் சட்டப்படி நியாயம் என்பவர்களுக்கு டெல்ஃபினியன். கேட்டால் சிரிப்பு வரும் இன்னொன்றும் இருந்தது. பிரிட்டனியன் என்ற இடத்தில் கல்லையும் கட்டையையும் இரும்பையும் விசாரித்தார்கள். மேலே விழுந்து ஆளைக் கொன்ற பொருளை விசாரணை நடத்தி எல்லைக்கு வெளியே கொண்டுபோய் எறிந்தார்கள்.

கல்லுக்கு என்ன மனம், என்ன நோக்கம்? நோக்கம் அங்கே பிரச்சினையே இல்லை. சிந்திய ரத்தத்துக்கு 'மியாஸ்மா' உண்டு, தீட்டு. அது கல்லிலும் ஒட்டும், தெரியாமல் கொன்றவன் கையிலும் ஒட்டும். அதனால்தான் டிராக்கோவின் பழைய சட்டம் தெரியாமல் கொன்றவனுக்கும் நாடு கடத்தலை விதித்தது. செத்தவனின் உறவினர்கள் மன்னித்தால்தான் திரும்பலாம்.

வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். போட்டியில் ஒருவன் எறிந்த ஈட்டி தவறிப்போய் இன்னொருவனைக் கொன்றுவிட்டது. இதில் குற்றவாளி யார், ஈட்டியா, எறிந்தவனா, போட்டியை நடத்தியவர்களா என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸும் தத்துவவாதி புரோட்டகோரஸும் ஒரு முழு நாள் வாதாடினார்களாம். அப்பாவுக்கு வேறு வேலையில்லை என்று பெரிக்ளிஸின் மகனே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆன்டிஃபோன் என்ற பேச்சு எழுத்தாளர் இதேபோன்ற ஒரு வழக்கை வைத்து மாதிரி வாதங்களே எழுதியிருக்கிறார். எறிந்தவன் தரப்பு வாதம்: ஈட்டி சரியாகத்தான் போனது, குறுக்கே ஓடிவந்த பையன்தான் பிழை செய்தான், ஆகவே அவனைக் கொன்றது அவனேதான். அங்கே 'பிழை'க்கு வரும் சொல் ஹமார்ட்டியா. குறி தவறுவது என்பது அதன் அடிப்பொருள். பிறகு அரிஸ்டாட்டில் துன்பியல் நாயகன் விழுவதற்குச் சொன்ன காரணமும் இதே சொல்தான். ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இதை 'நாயகனின் குணக்கேடு' என்று சொல்லிக்கொடுத்து, ஈடிபஸின் கர்வம், ஈடிபஸின் முன்கோபம் என்று பட்டியல் போடவைப்பார்கள். அரிஸ்டாட்டில் சொன்னதோ, கெட்டதனத்தால் இல்லாமல் ஒரு ஹமார்ட்டியாவால் விழுகிறவன் என்று. ஈட்டி எறிந்தவன் மாதிரி.

சோஃபக்ளீஸுக்கும் இந்த வழக்கு மனதில் முடியவில்லை. தொண்ணூறு வயதை ஒட்டி அதே ஈடிபஸைக் கிழவனாக்கி, மகள் கைபிடித்து ஏதென்ஸுக்கு வெளியே கொலோனஸ் என்ற ஊருக்கு வரவைத்தார். அது அவர் பிறந்த ஊர். அவர் இறந்தபின், கி.மு. 401இல் அவருடைய பேரன் அந்த நாடகத்தை மேடையேற்றினார். இந்த ஈடிபஸ் வக்கீல் மாதிரி பேசுகிறான். நான் செய்தவை அல்ல, எனக்கு நேர்ந்தவை. தெரியாமல் நடந்தது, சட்டத்தின் முன் நான் சுத்தம். பழியை எடுத்துச் சொல்லும் கிரியோனை, யொகாஸ்டாவின் சகோதரனை, பார்த்து அவன் கேட்பது இன்னும் கூர்மை: இப்போது இதே இடத்தில் ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், நீ என் அப்பாவா என்று விசாரித்துக்கொண்டு நிற்பாயா, இல்லை திருப்பி அடிப்பாயா? என் அப்பாவே உயிரோடு எழுந்துவந்தாலும் இதை மறுக்கமாட்டார்.

வாதத்தில் ஜெயித்துவிடுகிறான். சற்று நேரம் கழித்து, கடத்தப்பட்ட மகள்களை ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் மீட்டுக்கொண்டுவந்து விடுகிறான். நன்றி தாங்காமல் ஈடிபஸ் கையை நீட்டுகிறான்: உன் கையைக் கொடு, தொட்டுப் பார்க்கிறேன். நீட்டிய கையை உடனே பின்னால் இழுத்துக்கொள்கிறான். என்ன பேசுகிறேன் நான்? எல்லாத் தீட்டும் குடியிருக்கிற என்னைப் போய் நீ எப்படித் தொடலாம்? வேண்டாம், அங்கேயே நில்.

சட்டம் அவனை விடுவித்துவிட்டது. கைக்கு அது தெரியவில்லை.

எஸ்கிலஸிடம் போனால் இதே விஷயம் இன்னும் இருட்டாகும். கி.மு. 458இல் போட்டியில் வென்ற அவருடைய மூன்று நாடகத் தொடர் 'ஒரெஸ்டியா'. டிராய்க்குப் புறப்பட்ட கப்பல்கள் ஔலிஸ் துறையில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்கின்றன. ஆர்ட்டெமிஸ் தேவதைக்கு மகள் இஃபிஜினியாவைப் பலி கொடுத்தால்தான் காற்று மாறும் என்கிறான் குறிகாரன். படைத்தலைவனும் அவளைப் பெற்றவனுமான அகமெம்னான் தவிக்கிறான்: கேட்காவிட்டாலும் கொடுமை, மகளை வெட்டினாலும் கொடுமை, ஆனால் படையை எப்படிக் கைவிடுவேன்? அதற்கு அடுத்த வரியில் கோரஸ் சொல்கிறது, அவன் 'வேறு வழியின்மை என்ற நுகத்தை மாட்டிக்கொண்டான்'. கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்வதற்குச் சொல்லும் வினைச்சொல் அது. எந்த மாடும் தன் நுகத்தைத் தானே எடுத்து மாட்டிக்கொள்வதில்லை. கட்டாயமும் விருப்பமும் ஒரே வாக்கியத்தில் இப்படிப் பின்னிக் கிடப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டபின் அவன் மனம் மாறிவிடுகிறது, எதற்கும் துணிகிறது. அப்பாவின் விருந்துகளில் பாடிய பெண்ணை ஆட்டைத் தூக்குவதுபோல் பலிபீடத்தின் மேல் தூக்கச் சொல்கிறான். குடும்பத்தைச் சபித்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டச் சொல்கிறான்.

பத்து வருஷம் கழித்து வீடு திரும்பியவனை மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா குளியலறையில் வெட்டிச் சாய்க்கிறாள். பிறகு கோரஸிடம் ஒரு வாதம் வைக்கிறாள்: இதை நான் செய்ததாகச் சொல்லாதீர்கள். இந்த வம்சத்தைப் பிடித்த பழைய பழிவாங்கும் ஆவிதான் என் உருவத்தில் வந்து செய்தது. கோரஸ் சொல்லும் பதில் ஈடிபஸின் பதிலுக்குச் சொந்தம்: இந்தக் கொலையில் உனக்குச் சம்பந்தமில்லை என்று யார் சாட்சி சொல்வார்கள்? எப்படி முடியும்? ஆனால் அந்த ஆவி உனக்குத் துணையாக வந்திருக்கலாம். ஆவியை மறுக்கவில்லை. அது கூட்டாளி, அவ்வளவே.

அடுத்த தலைமுறையில் மகன் ஒரெஸ்டிஸின் முறை. அப்பாவைக் கொன்றவளைக் கொல் என்று அப்போலோவே கட்டளை போட்டிருக்கிறான். அம்மா தன் மார்பைக் காட்டுகிறாள்: இதில்தானே பால் குடித்தாய். ஓங்கிய வாளோடு அவன் நண்பன் பிலாடிஸ் பக்கம் திரும்புகிறான்: "என்ன செய்வேன்?" பிலாடிஸ் நாடகம் முழுக்கக் கூடவே நிற்பவன், ஒரு வார்த்தை பேசாதவன், பார்ப்பவர்கள் அவனைப் பேச்சில்லாப் பாத்திரம் என்றே நினைத்திருப்பார்கள். அவன் இப்போது வாயைத் திறந்து மூன்றே வரி பேசுகிறான். அப்போலோவின் வாக்கு என்ன ஆவது? எல்லா மனிதர்களையும் பகைத்துக்கொள், தெய்வங்களைப் பகைத்துக்கொள்ளாதே. அதோடு சரி, மறுபடி பேச்சே இல்லை. தெய்வம் சொல்லியாயிற்று, வாள் கையில் இருக்கிறது, அப்போதும் மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து 'என்ன செய்வேன்' என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறான்.

இப்படியே போனால் வெட்டுக்கு வெட்டு முடிவே கிடையாது. மூன்றாவது நாடகத்தில் தாயின் ரத்தத்துக்குப் பழி கேட்டு எரினியஸ் என்ற பழிதேவதைகள் துரத்த, ஒரெஸ்டிஸ் ஏதென்ஸ் வந்து சேர்கிறான். அதீனா தேவி நடுவர்களை உட்காரவைத்து ஆரியோபகஸ் நீதிமன்றத்தைத் தொடங்குகிறாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பழங்கதை மட்டுமல்ல. நான்கு வருஷம் முன்புதான் எஃபியால்டிஸ் என்ற அரசியல் தலைவர் அந்த மன்றத்தின் அரசியல் அதிகாரங்களைப் பிடுங்கிவிட்டு, கொலை வழக்கு போன்ற சிலவற்றை மட்டும் விட்டுவைத்திருந்தார், அவரையும் கொன்றுவிட்டார்கள். மேடை வழக்கில் அப்போலோ பேசும் வாதம் எனக்கு எப்போதும் சொத்தையாகவே படுகிறது: தாய் என்பவள் பெற்றவளே அல்ல, விதையைக் காத்துத் தருபவள் மட்டும், தாயில்லாமல் பிறந்த அதீனாவே சாட்சி. வாக்கு எண்ணினால் சரிபாதி. அதீனா போட்ட வாக்கும், சமமானால் விடுதலை என்ற விதியும் சேர்ந்து ஒரெஸ்டிஸைக் காப்பாற்றுகின்றன. அவன் செய்தது சரி என்று அந்த மன்றம் சொல்லவில்லை. வாக்காகப் போட்ட கூழாங்கற்களில் பாதி அவனுக்கு எதிராகத்தான் விழுந்தன. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட, மிச்ச நாடகம் முழுவதும் கோபத்தில் மண்ணை நஞ்சாக்கிவிடுவோம் என்று கத்தும் பழிதேவதைகளை அதீனா தாஜா பண்ணுவதுதான். கடைசியில் அவர்களுக்கு ஏதென்ஸிலேயே மண்ணுக்கடியில் இடம் கொடுத்து, சிவப்பு ஆடை போர்த்தி, தீவட்டி பிடித்து ஊர்வலமாக அழைத்துப்போகிறார்கள். விரட்டவில்லை.

யூரிப்பிடீஸுக்கு இவ்வளவு நம்பிக்கை கிடையாது. மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் ஏதென்ஸ் அடிமைகளாக விற்ற சில மாதங்களுக்குள், கி.மு. 415இல் வந்தது அவருடைய 'டிராய்ப் பெண்கள்'. ஊர் எரிந்துவிட்டது. பேரனைக் கோட்டை மதிலிலிருந்து தள்ளிக் கொல்லக் கொண்டுபோய்விட்டார்கள். கிழட்டு அரசி ஹெக்குபாவும், போருக்கே காரணமான ஹெலனும், ஹெலனின் பழைய புருஷன் மெனெலாஸ் முன்னால் வழக்காடுகிறார்கள். ஹெலன் சொல்வது: காதல் தேவதை ஆஃப்ரடைட்டி என்னை ஹெக்குபாவின் மகன் பாரிஸுக்குப் பரிசாகக் கொடுத்தாள், அவனோடு கூடவே வந்தாள், தெய்வங்களின் அரசன் சீயஸே அந்தத் தெய்வத்துக்கு அடிமை, நான் எம்மாத்திரம்? ஹெக்குபா விடவில்லை. என் பையன் அழகன். அவனைப் பார்த்ததும் உன் மனசுதான் ஆஃப்ரடைட்டி ஆயிற்று. மனிதர்களுக்குத் தங்கள் மடத்தனம் எல்லாமே ஆஃப்ரடைட்டிதான். கிரேக்கத்தில் மடத்தனத்துக்கான சொல்லும் அந்தத் தேவதையின் பெயரும் ஒரேமாதிரி தொடங்கும். கிழவி அதையும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஹெக்குபாவுக்குத் தீர்ப்பு சாதகம். ஊருக்குக் கொண்டுபோய்க் கொல்கிறேன் என்கிறான் மெனெலாஸ். அவளை உன் கப்பலில் மட்டும் ஏற்றாதே என்று கெஞ்சுகிறாள் ஹெக்குபா. ஏன், முன்னைவிட எடை கூடிவிட்டாளா என்று கேட்கிறான் அவன். ஒருமுறை காதலித்தவன் எப்போதும் காதலிப்பான் என்கிறாள் அவள். சரி, வேறு கப்பலில் ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

நாடகம் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஹோமரின் காவியங்கள் நன்றாகத் தெரியும். மெனெலாஸ் அவளைக் கொல்லவில்லை. 'ஒடிஸி'யில் ஸ்பார்ட்டா அரண்மனைக்கு விருந்தாளிகள் வரும்போது ஹெலன் பொன் நூற்புக்கோலும் சக்கரம் வைத்த வெள்ளிக் கூடையுமாக வந்து புருஷன் பக்கத்தில் உட்காருகிறாள். பழைய போரை நினைத்து எல்லோரும் அழுதுகொண்டிருக்க, எகிப்திலிருந்து கிடைத்த மருந்து ஒன்றை மதுவில் கலந்துவிடுகிறாள். அதைக் குடித்தவன் அன்று முழுக்க, தாயும் தந்தையும் செத்தாலும், கண்ணெதிரே மகனை வெட்டிப்போட்டாலும், ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டான்.